இருமக் கற்றுக்கொடுப்பவன்

எனக்கு பைபாஸ் ஆகி ஒன்பது வருடம் முடிந்துவிட்டது. நெஞ்செலும்பை நடுவில் அறுத்துத் திறந்து, வேலை முடிந்ததும் கம்பி போட்டுக் கட்டி மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு நுரையீரலில் சளி தங்காமல் இருக்க ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இருமியாக வேண்டும். அந்த முதல் இருமலைப் பற்றி, இருமியவனிடம்தான் கேட்க வேண்டும். நெஞ்சு மறுபடி பிளந்துகொள்ளும் என்றே தோன்றும். அதற்காகத்தான் அந்தத் தலையணை. இதய வடிவம், சிவப்புத் துணி, உள்ளே கெட்டியாக அடைத்த பஞ்சு. இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு இருமினால் வலி பாதியாகக் குறையும். வீட்டுக்குப் போகும்போது காரில் சீட் பெல்ட்டுக்கும் தையலுக்கும் நடுவே வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊரில் அதைத் தைப்பது, வியாழக்கிழமைகளில் லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடும் பெண்கள். அவர்களுக்குத் தலைவி என் அக்கா ஆர்டிஸ். வயது எழுபத்தெட்டு. பஞ்சு கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் தையலைப் பிரித்து மறுபடி அடைக்கச் சொல்லிவிடுவாள். எனக்கு ஊசி பிடிக்கத் தெரியாது. முப்பது வருடம் பள்ளிப் பேருந்துகளுக்கு அடியில் படுத்துக் கிடந்த மெக்கானிக் நான். அதனால் தலையணைகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிற வேலை எனக்கு வந்தது. செவ்வாயும் வெள்ளியும் போவேன். மறுநாள் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்து, எப்படிக் கட்டிப்பிடிப்பது, எப்படி இருமுவது என்று செய்து காட்டுவேன். கேட்டால் சட்டைப் பொத்தானைக் கழற்றித் தழும்பையும் காட்டுவேன். அதைப் பார்த்த பிறகுதான் சிலருக்கு முகம் தெளியும்.

டுவேன் கூபியாக்கை நான் பார்த்தது பிப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். ஐம்பத்தெட்டு வயது. பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றிக்கொண்டு சீஸ் ஆலைக்கு ஓட்டுகிற லாரிக்காரர். இரண்டு வாரமாக ராத்திரி கண்ணே மூடவில்லை என்று அவர் மனைவி லோரீன் சொன்னாள். தலையணையைக் கொடுத்ததும் அதை மடியில் வைத்துத் தட்டிப் பார்த்தார்.

"கடைசியில வாய் பேசாத ஒண்ணு எனக்குக் கிடைச்சுது" என்றார் மனைவியைப் பார்த்து.

"அப்ப அதையே உன் சட்டையைத் துவைக்கச் சொல்லு" என்றாள் லோரீன்.

கட்டிப்பிடித்து ஒரு தடவை இருமிக் காட்டச் சொன்னேன். குளிரில் நின்றுபோன லாரியைக் கிளப்புகிற மாதிரி இருமினார். நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பனி அள்ளும் வண்டி வரப்போகிறது, காரை வேறு இடத்தில் நிறுத்த வேண்டும் என்று லோரீன் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனாள். அவள் போனதும் அவர் குரல் இறங்கிவிட்டது. உங்களுக்குப் பயமாக இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் கண் என்னை விட்டு நகரவே இல்லை.

"ஒண்ணும் ஆகாது. என்னைப் பாருங்க. வெள்ளிக்கிழமை வந்து நீங்க இருமுறதைப் பாத்துட்டுத்தான் போவேன்" என்றேன்.

"வெள்ளிக்கிழமையா? அப்ப வர்றப்ப மீன் வாங்கிட்டு வாங்க" என்றார்.

எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை என்றால் எல்லோருக்கும் வறுத்த மீன்தான். சொன்னபடியே ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனேன். அவருக்குக் கொடுக்க விடமாட்டார்கள் என்று தெரியும். சிரிக்கட்டுமே என்றுதான். மாடியில் நர்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். புதன்கிழமை அறுவை சிகிச்சை மேசையிலேயே போய்விட்டாராம். இதயத்தை மறுபடி ஓட வைக்க ஒன்றரை மணி நேரம் போராடியிருக்கிறார்கள். பொட்டலத்தைக் காரில் போட்டேன், எடுக்க மறந்துவிட்டேன். ஒரு வாரம் காரில் மீன் வாசனை போகவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, நாங்கள் பஞ்சு மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது லோரீன் கீழ்த்தளத்துக்கு வந்தாள். கையில் மளிகைக் கடைக் காகிதப் பை. அதிலிருந்து அந்தத் தலையணையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அவர்கிட்ட ஒரே ஒரு ராத்திரி இருந்துது. அழுக்குகூடப் படல. வேற யாருக்காவது குடுத்துடுங்க. யாராவது இதைக் கட்டிப்பிடிச்சு இருமட்டும்" என்றாள்.

ஒரு நோயாளியின் படுக்கைக்குப் போன தலையணை இன்னொருவருக்குப் போகக் கூடாது. கிருமி தொற்றும் என்று மருத்துவமனையில் கண்டிப்பான விதி. ஆர்டிஸ் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். தாராளமாகக் கொடுக்கிறோம், வெள்ளிக்கிழமையே கொண்டுபோகிறேன் என்றேன். லோரீன் என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள்.

"என்னடா பண்ணிட்டு நிக்கிற?" என்றாள் ஆர்டிஸ். தலையணையை வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியின் மேல் தட்டில், குளிர்காலத் தொப்பிகளுக்குப் பின்னால் வைத்தேன்.

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஏப்ரலில் கடையில் முட்டை எடுக்கும் இடத்தில் லோரீன் எதிரே வந்தாள். இளைத்திருந்தாள். யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டாள். ஒரு விவசாயிக்கு என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிழைத்துக்கொண்டாரா என்று கேட்டாள். ஆறாம் நாள் வீட்டுக்குப் போய்விட்டார் என்றேன். நன்றாக இருமுகிறாரா என்றாள். மலையே அதிரும்படி இருமுகிறார் என்றேன். கையில் முட்டைப் பெட்டியோடு நின்று சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு பத்து நாளுக்கு ஒரு தடவை போன் செய்தாள். அந்த ஆள் எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்பாள். பெயரைச் சொல்லக் கூடாது, விதி இருக்கிறது என்று தப்பித்தேன். விதியை மீறுவதாக அவளிடம் சொன்ன நான், விதிக்குப் பின்னாலேயே ஒளிந்துகொண்டேன். ஒவ்வொரு போனுக்கும் விவசாயி கொஞ்சம் வளர்ந்தார். அவருக்கு இரண்டு மகள்கள் வந்தார்கள். களஞ்சியம் வரை நடக்க ஆரம்பித்தார். அவருடைய ஆடு ஒன்று அந்தத் தலையணையைத் தின்னப் பார்த்தது என்றுகூட ஒரு நாள் சொன்னேன். லோரீன் வெகு நேரம் சிரித்தாள்.

மே மாதக் கடைசியில் அவளிடமிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே எனக்கு ஒரு வரி: இதை அவரிடம் சேர்த்துவிடுங்கள், நீங்களும் படிக்கலாம். படித்தேன்.

'ஐயா, உங்களை எனக்குத் தெரியாது. உங்களிடம் இருக்கும் தலையணை என் கணவருடையது. காலையில் முதல் இருமல்தான் கஷ்டம் என்று சொல்கிறார்கள். வலிக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு கையாலும் பிடியுங்கள். உங்கள் மகள்களுக்கு என் அன்பு.'

அந்தக் கடிதத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் ஆர்டிஸிடம் எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"அவளுக்கு உயிரோட ஒரு ஆளைக் குடுத்திருக்க நீ. இப்ப அவனையும் நீயேதான் அவகிட்டேருந்து எடுக்கணும். போ. கூட நான் வரமாட்டேன்" என்றாள்.

சனிக்கிழமை காலையில் தலையணையைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு லோரீன் வீட்டுக்குப் போனேன். விவசாயியின் செய்தியோடு வந்திருக்கிறேன் என்று நினைத்து முகம் மலர்ந்து கதவைத் திறந்தாள். காபி ஊற்றி, தோட்டத்து ருபார்ப் தண்டில் செய்த கேக்கை எனக்கு முன்னால் வைத்தாள். நான் அரைக் கோப்பை குடித்துவிட்டுச் சொன்னேன். விவசாயி இல்லை, மகள்கள் இல்லை, ஆடு இல்லை, தலையணை என் அலமாரியில் இருந்தது, ஒருவருக்கும் கொடுக்க முடியாது என்று முதல் நாளே எனக்குத் தெரியும்.

அவள் அழவில்லை. எழுந்து வந்து என் கோப்பையை எடுத்து, மீதிக் காபியைத் தொட்டியில் ஊற்றினாள். கோப்பையைக் கழுவினாள். என் பக்கம் திரும்பவில்லை.

"போயிடுங்க" என்றாள்.

பையைக் கதவோரம் நாற்காலியில் வைத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நான் மருத்துவமனைக்குப் போகவில்லை. முழங்கால் வலி என்று ஆர்டிஸிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை, ஆனாலும் வேறு ஆளை அனுப்பினாள். உண்மையில் பிப்ரவரியிலிருந்தே நான் சரியாக இல்லை. தலையணையைப் படுக்கையில் வைத்துவிட்டு, இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, அவர்கள் ஏதாவது கேட்பதற்குள் அடுத்த அறைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகாது என்று நான் சொன்னதும், டுவேன் அதை அப்படியே வாங்கிக்கொண்டதும் மனதை விட்டுப் போகவில்லை. அந்த விவசாயியை லோரீனுக்காகத்தான் உண்டாக்கினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி எனக்காகவும்தான்.

ஜூலையில் ஒரு நாள் ஷெட்டில் புல் வெட்டும் இயந்திரத்தைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தேன். வாசலில் கார் வந்து நின்றது. லோரீன் இறங்கி நேராக உள்ளே வந்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அன்னைக்கு நான் காரை நகர்த்தப் போனேனே, அப்ப அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

இனி அவளிடம் எதையும் மறைப்பதாக இல்லை. அவர் பயமா என்று கேட்டதையும், ஒன்றும் ஆகாது என்று நான் வாக்குக் கொடுத்ததையும், வெள்ளிக்கிழமை வருவேன் என்றதையும், மீன் கேட்டதையும் ஒன்று விடாமல் சொன்னேன். அந்த மாதிரி வாக்குக் கொடுக்க எனக்கு எந்த அருகதையும் இல்லை என்றேன்.

அவள் அங்கே கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தாள்.

"அதான் காரணமா" என்றாள். "நான் மேல வந்தப்ப அவர் தூங்கிட்டிருந்தார். அந்தத் தலையணையைக் கட்டிக்கிட்டு, குறட்டை விட்டு. ரெண்டு வாரம் தூங்காத மனுஷன். நர்ஸ் தூக்க மாத்திரை எடுத்துட்டு வந்தா, பாத்துட்டு அப்படியே திரும்பிப் போயிட்டா. நான் எழுப்பல. நெத்தியில ஒரு முத்தம் குடுத்துட்டு வீட்டுக்குப் போய் நானும் தூங்கினேன். காலையில அவரே போன் பண்ணி, நல்லாத் தூங்கினேன்டின்னார். ஏன் தூங்கினார், எப்படித் தூங்கினார்னு அஞ்சு மாசமா நான் யோசிக்காத நாள் இல்ல."

"நான் சொன்னபடி நடக்கலையே."

"நடக்கல. ஆனா தூங்கினார். பயந்துக்கிட்டே போகல."

நான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். வெளியே பக்கத்து வீட்டில் யாரோ தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அந்த விவசாயி விஷயத்தை நான் மன்னிக்கல, வெர்ன்" என்றாள் பிறகு. "அந்த ஆளுக்காக நான் தினம் ஜெபம் பண்ணேன். ஆட்டுக்கும் சேத்து."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிக்கத் தைரியம் இல்லை. பிறகு அவள் அழுதாள். அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்து, வீட்டுக்குள் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தாள்.

தலையணை இப்போது கட்டிலில், அவர் படுக்கும் பக்கத்தில் இருக்கிறது என்றாள். நல்லவேளை யாருக்கும் போகவில்லை, அன்றைக்கு என்ன நினைப்பில் அதைத் தூக்கிக்கொண்டு வந்தேனோ என்றாள். கிளம்பும்போது, இப்போதும் மருத்துவமனைக்குப் போகிறீர்களா என்று கேட்டாள். முழங்கால் என்று ஆரம்பித்தேன். இயந்திரத்துக்கு முன்னால் மறுபடி மண்டி போட்டு உட்கார்ந்திருந்த என் முழங்காலைப் பார்த்தாள்.

"போங்க. ஆகும் ஆகாதுன்னு எதுவும் சொல்ல வேண்டாம். வெள்ளிக்கிழமை வர்றேன்னு மட்டும் சொல்லுங்க. சொன்னா போய் நில்லுங்க" என்றாள்.

அடுத்த செவ்வாய் ஆர்டிஸிடமிருந்து ஆறு தலையணைகளை வாங்கிக்கொண்டேன். முழங்காலைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாவது அறையில் நேடீன் என்று ஒரு அம்மாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தலையணையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நேருக்கு நேராகக் கேட்டார்:

"நாளைக்கு எனக்கு ஏதாவது ஆயிடுமா?"

"அது எனக்குத் தெரியாதும்மா. எனக்கும் இதே பயம் இருந்துது. வெள்ளிக்கிழமை மத்தியானம் வருவேன்" என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேத்திகளைப் பற்றிப் பேசினார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. மீதித் தலையணைகளையும் கொடுத்துவிட்டு அன்றைக்கு வீடு திரும்ப வெகு தாமதமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லிஃப்டில் மேலே போனேன். நர்ஸின் முகத்தைப் பார்க்காமலே அவளைத் தாண்டிப் போனேன். நேடீன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் மாவு மாதிரி வெளுத்திருந்தது. மடியில் தலையணை. என்னைப் பார்த்ததும் முறைத்தார். காலையிலிருந்து எல்லோரும் இருமச் சொல்லி உயிரை எடுக்கிறார்கள், நீங்களும் வந்துவிட்டீர்களா என்றார்.

நான் பக்கத்தில் குனிந்து, இரண்டு கையையும் தலையணைமேல் சரியாக வைத்தேன். இறுக்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்து, இருமினார். நல்ல ஆழமான இருமல். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. பிறகு என்னைப் பார்த்து, தேவாலயத்தில் சொல்லக் கூடாத ஒரு வார்த்தையைத் தெளிவாகச் சொன்னார்.

"அருமை" என்றேன். "இன்னொரு தடவை."