பினாங்கு ஜுபைதா

"அம்மணி, ஜுபைதா ஊட்டு அட்ரஸை மட்டும் கேட்டு வாங்கிக் குடுத்துருங்க" என்றார் யாஸ்மின் அக்கா.

மவுஸைப் பிடித்திருந்த கிருபாவின் கை அப்படியே நின்றது.

"எதுக்குங்க்கா?"

"இதென்ன கேள்வி? அவ மக நிக்காஹுக்கு நாம ஒண்ணும் செய்யாம இருக்க முடியுமா? ஏழு பேரும் சேந்து கட்டில் விரிப்பு ஒண்ணு பின்னிட்டிருக்கறோம். ஓரத்துல ஒரு சாண்தான் பாக்கி. எங்க கொழுந்தன் பஷீர் வியாழக்கெழமை பினாங்கு போறாரு. கையோட குடுத்துட்டு, பொண்ணையும் பாத்துட்டு வாங்கன்னு சொல்லிப்போட்டேன்."

"தபால்ல அனுப்பிக்கலாமுங்களே..."

"ஏனுங் கண்ணு, மனுசனே போறப்பத் தபால் எதுக்கு?"

கிருபா திரையைப் பார்த்தாள். திரையில் யாஸ்மின் அக்காவின் பக்கம் திறந்திருந்தது. குரோஷா ஊசியில் பின்னிய குழந்தைத் தொப்பிகள், மேசை விரிப்புகள். அடியில் கெஸ்ட் புக். பக்கத்தைப் பார்க்க வருகிறவர்கள் எழுதிவிட்டுப் போகிற இடம். அதில் பினாங்கு ஜுபைதா எழுதிய பத்துக் கடிதங்கள். பத்தும் கிருபா எழுதியவை.

"கேட்டு வெக்கிறேங்க்கா" என்றாள்.

"புதன்கெழமைக்குள்ள வேணும், ஆமா. பஷீரு சொன்ன நேரத்துக்குக் கெளம்பற ஆளு."

யாஸ்மின் அக்கா படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டது. வழக்கமாக வாசல் வரை கூடப்போகிற கிருபா அன்று எழுந்திருக்கவே இல்லை.

கோவை காந்திபுரத்தில் ஒரு லாட்ஜுக்கு மேலே இருந்தது கௌதமனின் பிரவுசிங் சென்டர். நான்கு கம்ப்யூட்டர், ஒரே போன் லைன். பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் கிருபா உட்கார்ந்து கடைகளுக்கு வெப் பக்கம் செய்துகொண்டிருந்தாள். அமெரிக்காவில் எங்கோ ஓடுகிற ஒரு மெஷினில் கௌதமன் கொஞ்சம் இடம் வாடகைக்குப் பிடித்து, அதைப் பாகம் பாகமாகப் பிரித்து உள்ளூர்க்காரர்களுக்குக் கொடுத்திருந்தார். பம்புசெட் கம்பெனி, கிரைண்டர் கம்பெனி, பல்லடத்துக் கோழித்தீவன வியாபாரி, சோமனூர்த் தறிக்காரர் என்று பன்னிரண்டு பேர். 'உங்கள் கடைக்கு உலகமே வாசல்' என்று போர்டு.

பதிமூன்றாவதாக யாஸ்மின் அக்கா வந்தார். கரும்புக்கடைப் பகுதியில் ஆறு பெண்களைச் சேர்த்துக்கொண்டு குரோஷா வேலை செய்கிறவர். போன வருஷத்துக் குண்டுவெடிப்புக்குப் பிறகு, வழக்கமாக அவரிடம் சரக்கு எடுத்த டவுன் கடைகள் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டன. "கடைக்கு ஆள் வரலீன்னா, ஆள் இருக்கற எடத்துக்குக் கடையைக் கொண்டுபோயிருவமே. அதான் உங்க போர்டைப் பாத்துட்டு மேல ஏறுனேன்" என்றார் முதல் நாள்.

பக்கம் தயாரான அன்று சாயங்காலம் கௌதமன் பின்னால் வந்து நின்றார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது. கெஸ்ட் புக்குதான் காலியாக் கெடக்குது. வாரவன் என்னங்க நெனப்பான்? ஈ ஓட்டற கடைன்னுதான?"

"இப்பத்தானுங்க தொறந்திருக்குது."

"காலையில கடை தொறந்தா, தெரிஞ்சவனைக் கூப்புட்டுப் போணி பண்ணச் சொல்றதில்லியா? அது பொய்யா? இதுவும் அதேதானுங்க. நீங்க போணி பண்ணியுடுங்க. உங்க கை ராசியான கை."

"மத்தவிங்களுக்கெல்லாம்?"

"பன்னண்டு பேருக்கும் நாந்தான் பண்ணுனேன். ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கலியே."

அதுதான் விஷயம். பம்புசெட்காரரும் தீவனக்காரரும் முகவரியை விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொண்டதோடு சரி. யாஸ்மின் அக்கா மட்டும் சனிக்கிழமை தவறாமல் பதினோரு மணிக்கு வந்துவிடுவார். அது கௌதமனுக்குத் தெரியாது. கிருபாவுக்கும் அன்றைக்குத் தெரியாது.

பினாங்கிலிருந்து ஜுபைதா, என்று இங்கிலீஷில் எழுதினாள். 'உங்கள் வெள்ளைத் தொப்பியைப் பார்த்தேன். அதன் ஓரம் மல்லிகை அரும்பு மாதிரி இருக்கிறது.' அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை அதைத் தமிழில் சொன்னபோது யாஸ்மின் அக்கா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"அரும்புன்னே எழுதியிருக்காளா? இது அரும்புப் பின்னல்தான் கண்ணு! அங்கிருக்கறவளுக்கு எப்புடித் தெரிஞ்சுது?"

தொப்பியைப் படமெடுத்த அன்று அவரே சொன்னதுதான். அவருக்கு அது ஞாபகமில்லை. கிருபா சிரித்துவைத்தாள்.

"பதில் எழுதுங்க, நான் சொல்றேன். அஸ்ஸலாமு அலைக்கும் ஜுபைதா. நல்லா இருக்கறீங்களா? அங்க மழை உண்டா? உங்களுக்கு எத்தன புள்ளைங்க?"

கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் எப்படி விடுவது? ஜுபைதாவுக்கு மூன்று பிள்ளைகள் என்று ஆனது. மூத்தவள் சஃபியா. பினாங்கில் நல்ல மழை. இப்படியாக வாரம் ஒரு கடிதம். ஒவ்வொன்றையும் பிரிண்ட் எடுத்து யாஸ்மின் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனார். மகள் நிலோஃபர் படித்துச் சொல்ல, மற்ற பெண்கள் பின்னிக்கொண்டே கேட்டார்கள்.

"ஆர்டர் ஏதாச்சும் குடுக்கறாங்களான்னு கேக்கட்டுங்களா?" என்று ஒருமுறை கிருபாவே கேட்டாள்.

"வேண்டாம் கண்ணு. வாங்காட்டிப் போறா. வாரந்தவறாம நம்மகிட்டப் பேசறாளே, அது போதும்."

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். அவளை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. "போணி ஒண்ணு போதும்னேன், நீங்க கடையே வெச்சுட்டீங்களே" என்று கௌதமனே கிண்டல் செய்தார். ஆனால் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது ஜுபைதாவின் அடுத்த வரி தானாக வந்தது. ஒரு சனிக்கிழமை யாஸ்மின் அக்காவின் முகம் வாடிக் கிடந்தது. அடுத்த வாரமே சஃபியாவுக்கு நிக்காஹ் நிச்சயமாகிவிட்டது.

இப்போது கட்டில் விரிப்பு.

"இதுக்குப் போயி மண்டையை ஒடைச்சுக்கறீங்களே. ஏதாச்சும் ஒரு அட்ரஸை எழுதிக் குடுங்க" என்றார் கௌதமன்.

"பஷீர் போயிக் கதவைத் தட்டுவாருங்க."

"அப்ப வேற ஊருக்குக் குடிபோயிட்டாங்கன்னு போடுங்க."

"நிக்காஹ் அடுத்த மாசமுங்க. மண்டபம்கூடப் பிடிச்சாச்சு."

"மண்டபம் வேறயா! எதுக்குங்க அதெல்லாம்?" கௌதமன் தலையைச் சொறிந்தார். "அப்ப ஒண்ணு பண்ணுங்க. அந்தம்மா தவறிப்போயிட்டாங்கன்னு எழுதியுடுங்க. மாரடைப்பு. கதை முடிஞ்சுது."

"ஏனுங்க, ஏழு பேரும் உக்காந்து யாசீன் ஓதுவாங்க. அழுவாங்க."

"ரெண்டு நாள் அழுவாங்க. அப்பறம் மறந்துருவாங்க."

கிருபாவுக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் மாரடைப்பு என்று சொல்லி வாயை மூடுவதற்குள், 'நான் சஃபியா எழுதுகிறேன், அம்மா இனி எழுதமாட்டார்' என்று அவள் மனசுக்குள் முதல் வரி வந்து நின்றுவிட்டது. நல்ல வரி. அதுதான் அவளைக் கொன்றது. எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

புதன்கிழமை மத்தியானம் உக்கடம் பஸ் ஏறி, கரும்புக்கடைக்கு நடந்தாள்.

"வாங்க, வாங்க! அட்ரஸைக் குடுக்க நேராவே வந்துட்டீங்களா? போன் பண்ணியிருந்தாப் போதுமே. நிலோ, டீ வெய்யி!"

பாயில் ஐந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வெள்ளையாக விரிப்பு.

"இவங்கதான் ஜுபைதாவைக் கொண்டாந்த அம்மணியா?" என்றார் ஆமினா பீவி. அவர்களில் மூத்தவர், கண்ணாடிக்கு நூல் கட்டிக் காதில் மாட்டியிருந்தார். "இங்க வந்து உக்காரு தாயி. இந்த மூலை நான் பின்னுனது. சஃபியாவுக்கு இங்கிலீஷுல எஸ்ஸாமே? எனக்குத் தமிழே தெரியாது. நிலோஃபர் காயிதத்துல வரைஞ்சு குடுத்தா. மூணு தடவ பிரிச்சுப் பின்னுனேன். எஸ் மாதிரி இருக்குதா?"

"இருக்குதுங்க" என்றாள் கிருபா.

"வயிறு கொஞ்சம் பெருசாப் போச்சு அதுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். டீ வந்தது. நிலோஃபர் ஒரு ஃபைலை எடுத்து வைத்தாள். பத்துக் கடிதங்களும் துளைபோட்டுக் கோத்திருந்தன.

"அக்கா, ஜுபைதான்னு யாரும் இல்லீங்க. எல்லாம் நான் எழுதுனதுங்க."

"அட, வெளையாடாதீங்க அம்மணி" என்றாள் ஒருத்தி.

"வெளையாட்டு இல்லீங்க."

பாயில் ஊசிகள் நின்றன. நிலோஃபர் ஃபைலைத் திறந்து முதல் தாளைப் பார்த்தாள். "அப்ப இந்த மல்லிகை அரும்பு?"

"அம்மா சொன்னதுதானுங்க. போட்டோ எடுக்கறப்ப."

"பினாங்குல மழைன்னு எழுதியிருந்துச்சே" என்றார் யாஸ்மின் அக்கா. குரல் ஏறவில்லை.

"அன்னைக்கு இங்க பேஞ்சுதுங்க."

"போன வெள்ளிக்கெழமை அந்தப் புள்ளைக்குப் பேர் சொல்லித் துஆ கேட்டமே" என்றார் ஆமினா பீவி, யாரையும் பார்க்காமல்.

கௌதமன்தான் எழுதச் சொன்னார் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவர் சொன்னது ஒன்றுதான். மீதி ஒன்பது?

"எங்களைப் பாத்தாச் சிரிப்பா இருந்துச்சா?" என்றார் யாஸ்மின் அக்கா.

"சத்தியமா இல்லீங்க்கா. மொதல்ல போணிக்குத்தானுங்க எழுதுனேன். அப்பறம்... நீங்க சனிக்கெழமை வந்து சந்தோசமாப் போறதைப் பாக்கறதுக்குங்க."

"ஓ. எரக்கப்பட்டீங்க."

சிரித்தேன் என்றே சொல்லியிருக்கலாம் போலிருந்தது கிருபாவுக்கு.

"நெசமா எத்தன பேரு வந்து பாத்திருக்காங்க?"

யார் யார் பக்கத்தைத் திறந்தார்கள் என்று அமெரிக்க மெஷின் அனுப்புகிற பட்டியலை வைத்து முந்தின நாளே அவள் ஒவ்வொன்றாகப் பார்த்திருந்தாள். "ஒம்பதுங்க."

"பக்கத்துக்கு அடியில முன்னூத்திப் பன்னண்டுன்னு ஓடுதே?"

"இருநூறுல தொடங்கி வெச்சதுங்க. மிச்சம் நீங்களும் நானும் தொறந்து பாத்ததுங்க."

யாஸ்மின் அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். "நாத்தனார்கிட்டச் சொன்னேன், மதரஸா டீச்சர்கிட்டச் சொன்னேன். பஷீரு ஊரெல்லாம் சொல்லிட்டாரு. அவருகிட்ட என்னன்னு சொல்றது?"

"நானே வந்து சொல்றேங்க்கா."

"வேண்டாம். எங்க ஊட்டுச் சேதி, நானே சொல்லிக்கறேன்." டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். "டீயைக் குடிங்க. ஆறிப்போகுது."

குடித்தாள். எதிரே ஆமினா பீவி விரிப்பின் மூலையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, ஊசி முனையால் ஒரு முடிச்சை நெம்பினார். நூலை இழுத்தார். எஸ்ஸின் வயிறு முதலில் போயிற்று. பிறகு தலை. சுருள் சுருளாக வந்த நூலை விரலில் சுற்றிச் சுற்றி உருண்டையாக்கினார்.

"நாலாவது தடவ" என்றார் நிலோஃபரிடம்.

யாரும் சிரிக்கவில்லை. டம்ளர் காலியாகும் வரை அங்கே உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. கிளம்பும்போது யாஸ்மின் அக்கா வாசல் வரை கூட வந்தார். விருந்தாளியை அப்படித்தான் அனுப்ப வேண்டும்.

"அவ எழுதுனதை அழிச்சுருங்க. நான் எழுதுனதையுந்தான்."

"உங்களுது இருக்கட்டுங்களேக்கா, அது நெசந்தானுங்களே."

"யாருக்கு எழுதுனதுன்னு இருக்கும்?" என்றார் யாஸ்மின் அக்கா.

அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் அழித்தாள். பக்கத்தின் அடியில் ஓடிய எண்ணிலிருந்து இருநூறையும், தாங்கள் இருவரும் திறந்து பார்த்ததையும் கழித்து ஒன்பதாக்கினாள். "நல்ல பக்கமுங்க, இப்புடிப் பண்ணிப்போட்டீங்களே. பொறவு யாரு வந்து போணி பண்ணுவா?" என்றார் கௌதமன்.

அந்தச் சனிக்கிழமை பதினோரு மணிக்குப் படியில் கேட்ட ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் நிமிர்ந்து பார்த்தாள். யாஸ்மின் அக்கா வரவில்லை. அதற்கு அடுத்த சனிக்கிழமை வந்தார். வழக்கமாக நேரே பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்கிறவர், அன்று முன்னால் கௌதமனிடம் பேர் எழுதிவிட்டு, கூப்பிடும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"மேடம், என்ற பக்கத்தைத் தொறந்து காட்டுங்க" என்றார்.

அம்மணி இல்லை, கண்ணு இல்லை. கிருபா குனிந்து இன்டர்நெட்டுக்கு டயல் செய்தாள். லைன் கீச்சிட்டு, இரைந்து, ஓய்ந்தது. பக்கம் மேலிருந்து வரி வரியாக இறங்கியது. பேர், வெள்ளைத் தொப்பி, அரும்பு ஓரம். அடியில் கெஸ்ட் புக். அதில் ஒன்றுமில்லை.

யாஸ்மின் அக்கா அந்த வெறும் இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப எத்தன பேரு?"

"இப்பத் தொறந்ததைச் சேக்காம பதினொண்ணுங்க்கா."

"அன்னைக்கு ஒம்பதுன்னீங்க."

"ரெண்டு கூடியிருக்குதுங்க."

"அதுல நீங்க எத்தன?"

கிருபா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திங்கட்கிழமை வீட்டுக்குக் கிளம்பும் முன், யாராவது நிஜமாகவே எழுதியிருக்கிறார்களா என்று ஒரே ஒரு தரம் திறந்து பார்த்திருந்தாள்.

"ஒண்ணு நானுங்க."

"அப்பப் பத்துன்னு சொல்லுங்க."

"பத்துங்க" என்றாள் கிருபா.