மறுபக்கத்துத் தாழ்ப்பாள்

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் கைவிரித்த மறுநாள் காலை, பூட்டுக்காரரின் படுக்கையறைச் சுவரில் ஒரு கதவு இருந்தது. அந்தச் சுவருக்கு அப்பால் அறை எதுவும் கிடையாது. மூன்று மாடி ஆழத்துக்கு வெறும் காற்று, அடியில் சைக்கிள் நிறுத்தும் இடம், அவ்வளவுதான். அவர் மனைவி ஜன்னல் வழியே உடம்பை வளைத்து வெளிச்சுவரை எட்டிப் பார்த்தாள். அங்கே கதவும் இல்லை, ஒரு விரிசலும் இல்லை. சரி என்று உள்ளே வந்து பாலை அடுப்பில் வைத்தாள். மேல்வீட்டுத் தையற்காரி வந்து பார்த்துவிட்டு, திரை போடுவதானால் எவ்வளவு துணி பிடிக்கும் என்று அளந்துகொண்டு போனாள். மனைவியின் தம்பி வந்து, “என்ன மாமா, ஊர்ல இருக்கிற பூட்டெல்லாம் திறந்து முடிச்சிட்டீங்கன்னு வீட்டுக்கே அனுப்பி வச்சிருக்காங்களா?” என்றான். பூட்டுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. கதவில் சாவித்துவாரம் இல்லாதது அவரை ஏற்கெனவே அவமானப்படுத்தியிருந்தது.

அந்த ஊரில் அவர் திறக்காத பூட்டு இல்லை. மாதா கோயில் அலமாரிச் சாவியை ஃபாதர் வருஷம் தவறாமல் தொலைப்பார். வருஷம் தவறாமல் இவர் போய்த் திறப்பார். இப்போது நுரையீரல் பாதிக்குமேல் போய்விட்டது. சாவதற்கு அவர் பயந்தார். அது மனைவிக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் பயம் வரும்போதெல்லாம் அவர் தலையணையைக் குறை சொன்னார். அந்த மாதத்தில் வீட்டிலிருந்த தலையணைகள் எல்லாமே கெட்ட பெயர் வாங்கின. அவள் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். அவர் பிழைக்கமாட்டார் என்பதற்கான அழுகையை இஸ்திரிப் பெட்டியின் ஆவிக்கு நடுவே, யாருக்கும் வித்தியாசம் தெரியாதபடி, அங்கேயே அழுது முடித்திருந்தாள். அவளுக்கு மிச்சமிருந்தது ஒரே கவலை: மனுஷன் இந்தப் பயத்தோடு போகக்கூடாது.

கட்டிலைக் கதவோரம் தள்ளச் சொல்லி, கருவிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்கும்வரை வேலை பார்த்தார். கம்பியை நுழைக்க இடுக்கில்லை. கீல் இந்தப் பக்கம் இல்லை. நோயாளிக்கு நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுக்க வந்த ஃபாதர் சற்று நேரம் பார்த்துவிட்டு, தட்டிப் பார்க்கலாமே என்றார்.

“பூட்டுக்காரன் கதவைத் தட்டுறதா? நாளைக்கு ஊர்ல நான் எப்படி ஃபாதர் தலை காட்டுறது?”

“நாளைக்கு நீங்க எந்த ஊர்ல தலை காட்டப் போறீங்க?” என்றாள் மனைவி.

ஃபாதர் கையிலிருந்த புத்தகத்தை அவசரமாகப் புரட்டினார். பூட்டுக்காரர் சிரித்தார், இருமல் வந்து நிறுத்தும்வரை. ஃபாதர் போன பிறகு அவர் கதவைப் பார்த்தபடியே சொன்னார்: “தாழ்ப்பாள் அந்தப் பக்கம் இருக்கு. அது தெரிஞ்சு போச்சு. அந்தப் பக்கம் ஆளே இல்லேன்னா என்னடி பண்றது?”

அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. “எனக்கு இருக்காருன்னுதான் தோணுது. நீங்க தட்டுங்க. இந்தக் கையை நான் பிடிச்சுக்கறேன்.”

“திறக்கலேன்னா?”

“வேற தலையணை தரேன்.”

மறுநாள் மத்தியானம், தெருவில் காய்கறி வண்டிக்காரன் கத்திக்கொண்டிருந்தபோது, அவர் தட்டினார். கடன் கேட்கப் போனவரைப் போல மெதுவாகத்தான் தட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அவர் தலையணையைக் குறை சொல்ல வாயெடுத்தார். பிறகு தாழ்ப்பாள் விலகியது. “நல்லா எண்ணெய் போட்டு வச்சிருக்காங்க” என்றார் பூட்டுக்காரர், தொழில்காரனுக்குரிய மரியாதையுடன். கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை நீண்டது. உழைத்துக் காய்ப்பேறிய கை. நடுவில் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளிவந்த பழைய காயம். பூட்டுக்காரர் அந்தக் கையைப் பிடித்து, சாவியைப் பார்ப்பதுபோல வெளிச்சத்துக்குத் திருப்பினார். அவர் முகத்தில் பயத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று. “ஐயையோ, ஆணியா? எவன்யா இப்படிப் பண்ணினான்? ரொம்ப வலிச்சுதா தம்பி?”

என்ன பதில் வந்ததென்று மனைவிக்குக் கேட்கவில்லை. அவர் சிரித்தது கேட்டது. அந்தத் தடவை இருமல் வரவில்லை. சற்றுப் பொறுத்து, அவள் பிடித்திருந்த கை உயிரில்லாமல் கனத்துக் கிடந்தது.

அடக்கம் வழக்கம்போல நடந்தது. கதவு அங்கேயே இருந்தது. அந்தக் கட்டடத்திலும் பிறகு பக்கத்துத் தெருக்களிலும் பார்க்க ஆளில்லாமல் சாகக் கிடந்தவர்களை அவள் மாடியேற்றிக் கொண்டுவந்து அந்தக் கட்டிலில் படுக்கவைத்தாள். சிலர் வந்த அன்றே தட்டினார்கள். சிலர் வாரக்கணக்கில் அவளை வேலை வாங்கினார்கள், பாலில் சர்க்கரை போதவில்லை என்று சண்டை பிடித்தார்கள். அவளும் சளைக்காமல் சண்டை போட்டாள். யாரையும் அவசரப்படுத்தவில்லை, தட்டும்போது எல்லோருடைய கையையும் பிடித்துக்கொண்டாள். வருஷங்கள் கழித்து வீட்டுச் சொந்தக்காரர் கட்டடத்துக்கு வர்ணம் அடித்தபோது, மற்றக் கதவுகளுக்கு அடித்த பச்சையையே அதற்கும் அடிக்கச் சொன்னார். பெயிண்டர் தூரிகையைத் துடைத்துக்கொண்டே, “அந்தப் பக்கமும் அடிக்கணுமாக்கா?” என்று கேட்டான்.

“வேணாம்ப்பா. அந்தப் பக்கத்தை அவங்க பாத்துக்குவாங்க” என்றாள்.