வெறும் விசை

கிதர் முகம்மதுக்கு வாய் கொஞ்சம் நீளம். திண்டுக்கல் மேற்கு ரத வீதியில் துப்பாக்கி விற்கவும் பழுது பார்க்கவும் லைசென்ஸ் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால், அந்த நீளத்தை யாராலும் குறைக்கவும் முடியவில்லை. கடைக்கு வருவதெல்லாம் தோட்டத்தில் பன்றி விரட்டும் துப்பாக்கிகளும், பெரிய வீடுகளில் துருப்பிடித்துக் கிடந்த இரட்டைக்குழல்களும்தான். அவற்றுக்கு விலை சொல்லிச் சொல்லி மனிதருக்கு அலுத்துப்போயிருந்தது. அதனால் அறுபத்து மூன்றாம் வருஷம் செபாஸ்தியம்மாள் ஒரு பழைய சேலையில் சுற்றிக் கொண்டுவந்த ரைபிளைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அது வேட்டைக்கானதல்ல. அட்டையில் வட்டம் போட்டுக் குறிபார்த்துச் சுடும் பந்தயத்துக்கென்றே இங்கிலாந்தில் செய்தது. செபாஸ்தியம்மாளின் கணவர் ஞானராஜ் தோல் பதனிடும் ஆலை ஒன்றில் கணக்கராக இருந்தார். அங்கே மேனேஜராயிருந்த வெள்ளைக்காரர் கப்பலேறும்போது அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. ஞானராஜ் போன பங்குனியில் இறந்துவிட்டார். லைசென்ஸ்காரர் போனபின் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

"என்ன விலை போகும்னு பாருங்க பாய். உள்ள எப்படி இருக்குன்னும் நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

"சனிக்கிழமை வாங்க தங்கச்சி. இதையெல்லாம் அவசரமாப் பாக்கப்படாது."

அவள் போனதும் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்துவிட்டார். குழலிலும் உடம்பிலும் ஒரே நம்பர். குறிமுள் மாற்றப்படாதது. குழலின் உள்பக்கம் பளபளவென்றிருந்தது. கடைசியாகத் தோட்டா உட்காரும் வாயைப் பார்த்தார். இந்த ரைபிளுக்கு உயிரே அங்கேதான். இதன் சிறிய தோட்டாவுக்கு மருந்து அடிவிளிம்பில் இருக்கும். விசையைத் தட்டியதும் உள்ளிருந்து பாயும் ஊசி அந்த விளிம்பைத்தான் அடிக்கும். தோட்டா இல்லாமல் விசையைத் தட்டினால் ஊசி குழலின் வாயையே அடித்துப் பள்ளமாக்கிவிடும். அப்புறம் தோட்டா ஒழுங்காக உட்காராது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் சுட்டுத் தீர்ந்த காலித் தோட்டா ஒன்றை உள்ளே வைத்துவிட்டுத்தான் விசையைத் தொடுவார்கள். ஞானராஜின் ரைபிளில் நகம் தட்டும் அளவுக்குக்கூட ஒரு தழும்பில்லை. கிதர் முகம்மது மேஜை டிராயரிலிருந்து ஒரு காலித் தோட்டாவை எடுத்து உள்ளே வைத்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சாயங்காலம் டீ குடிக்க வரும் கூட்டம் வந்தது. தோல் கமிஷன் வியாபாரி சௌகத் அலிதான் அதில் தலை. பெருமை தாங்காமல் கிதர் முகம்மது வாயைத் திறந்து மூடும் லீவரை இறக்கி, காலித் தோட்டாவை வெளியே எடுத்து, குழலை விளக்குக்கு நேரே பிடித்து எல்லோருக்கும் காட்டினார். பிறகு, "விசையைத் தொட்டுப் பாரு மாப்ளே, வெண்ணெயாட்டம் இருக்கும்" என்று கையில் கொடுத்தார். ஆளுக்கு ஆள் தட்டினார்கள். விளையாட்டுச் சாமான் கிடைத்த பிள்ளைகளும் அப்படித் தட்டியிருக்க மாட்டார்கள். எடுத்த காலித் தோட்டா டீ கிளாஸ் பக்கத்திலேயே கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை, கடைக்காரர் உட்பட.

காலையில்தான் அது அவர் கண்ணில் பட்டது. பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். வாயின் விளிம்பில் ஊசி அழுத்தமாகப் பள்ளம் பறித்திருந்தது. விலை பாதியாகிவிட்டது. விஷயம் வெளியே போனால் இனி எவன் அவரை நம்பித் துப்பாக்கியைக் கொடுப்பான்? பழைய பள்ளம் என்று சொல்லிவிடுவது, விற்றுக் கொடுப்பதற்கான தன் கமிஷனை விட்டுக்கொடுத்து மனசைச் சரிக்கட்டிக்கொள்வது என்று முடிவு செய்தார். மத்தியானம் சோறு இறங்கவில்லை. மனைவி சர்புன்னிசா, "வெஞ்சனம் சரியில்லையா?" என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தார்.

சனிக்கிழமை செபாஸ்தியம்மாள் மகனோடு வந்தாள். சவரிமுத்து வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் வேலை செய்பவன். சைக்கிளை நிறுத்திவிட்டு வாசலிலேயே நின்றான்.

"எல்லாம் சுத்தம் தங்கச்சி. ஆனா யாரோ வெறும் விசையைத் தட்டியிருக்காக. வாயில பள்ளம். பாதி வெலதான் தேறும்."

"எப்பத் தட்டுனதுன்னு தெரியுமா பாய்?"

"பழசுதான். வருசக்கணக்கா ஆயிருக்கும்." கேட்டதற்கு மேலேயே சொல்லிவிட்டார்.

அவள் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. திரும்பி மகனைப் பார்த்தாள்.

"அப்ப நீதானாடா?"

அவன் தலையைக் குனிந்தான். அவள் கிதர் முகம்மதிடம் சொன்னாள்: "இவன் சின்னப் பையனா இருக்கையில இதை எடுத்துட்டான் பாய். டக்குன்னு சத்தம் கேட்டு அவரு ஓடியாந்தாரு. வெறும் விசையைத் தட்டி ரைபிளைக் கெடுத்துட்டான்னு பெல்ட்டாலயே அடிச்சாரு. லீவரைத்தான் மூடினேன்னு மாதா மேல சத்தியம் பண்ணுனான். தொறந்து பாருங்கன்னு நான் கெஞ்சுனேன். பாக்க வேணாம், என் காதால கேட்டேன்னுட்டாரு. அதுக்கப்புறம் அதைத் தொடவுமில்ல, சாகுற வரைக்கும் இவன்கூட மூஞ்சி குடுத்துப் பேசவுமில்ல. நான்தான் எம்புள்ள பொய் சொல்ல மாட்டான்னு அவரோட சண்ட போட்டுக்கிட்டே இருந்தேன்."

"தட்டியிருப்பேன் போலம்மா" என்றான் சவரிமுத்து மெதுவாக. "லீவரை மூடினதுதான் ஞாபகம். ஆனா பாய் பாத்துட்டுச் சொல்றாருல்ல."

லீவரை மூடினாலும் அதே டக் சத்தம்தான் வரும் என்பது கிதர் முகம்மதுக்குத் தெரியும். எழுந்து வாசலுக்கு வந்து அவன் கையைப் பிடித்தார்.

"நீ தட்டல தம்பி. உங்கம்மா கொண்டாந்த அன்னைக்கு இதுல ஒரு கீறல் கெடையாது. என் கண்ணால பாத்தேன். நாங்கதான் இந்தக் கடையில ஒக்காந்து கூத்தடிச்சுக் கெடுத்தோம். கடைப் பேரு போயிருமேன்னு பொய் சொல்லிட்டேன். முழு வெலையும் நான் தாரேன்."

செபாஸ்தியம்மாளுக்குக் கண் கலங்கியது.

"நீங்க நல்ல மனுசன் பாய்" என்றாள். "நான் பொலம்புனதப் பாத்துட்டு, எம்புள்ள பழிய உங்க தலையில ஏத்திக்கிறீங்க. வேணாம்."

"அல்லா மேல ஆணையா நெசம் தங்கச்சி. சௌகத் அலியக் கூட்டியாறேன், அவனையே கேளுங்க."

"உங்க சிநேகிதரு நீங்க சொல்லச் சொன்னதத்தான சொல்லுவாரு. தொழில் தெரிஞ்சவரு இந்த மாதிரி பண்ணுவீங்களா?"

காலித் தோட்டாவைத் தேடி எடுத்துக் காட்டினார். அது எதற்கும் சாட்சியில்லை. அத்தனை வருஷமாகத் தழும்பில்லாமல் பையனுக்குச் சாட்சியாக இருந்த இடத்தில் இப்போது பள்ளம்தான் இருந்தது. பாதி விலைக்கே விற்றுக் கொடுத்தால் போதும் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு அவள் படியிறங்கினாள்.

கிதர் முகம்மது செருப்புக்கூடப் போடாமல் பின்னாலேயே ஓடினார். "நெசமாத்தான் சொல்றேன்! நெசமாத்தான் சொல்றேன்!" தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

சவரிமுத்து அம்மாவைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துவிட்டுத் திரும்பினான்.

"விடுங்க பாய், நான் தட்டுனதாவே இருக்கட்டும்" என்றான். "எங்கப்பா என்னைச் சும்மா அடிக்கலன்னாவது ஆச்சு."