குடை எடுக்கப் போனவர்

எக்ஸ்ரே மிஷின் அந்த வாரத்தில் மூன்றாவது முறையாக நின்றுபோனது. வெளியே பெஞ்சில் பதினேழு பேர் காத்திருந்தார்கள். டெக்னீஷியன் அறையைச் சாத்திவிட்டு வந்து, சீட்டு பதியும் ஜன்னலில் குனிந்தான்.

"இனிமே சீட்டு போடாதீங்கக்கா. அது குடை எடுக்கப் போயிடுச்சு."

"என்னது?"

"போனது போனதுதான், திரும்பாதுன்னு அர்த்தம். எல்லாரும் சொல்றதுதானே."

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் சீட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அந்தக் குடைப் பேச்சு புதிதாக இருந்தது, லேசாகச் சிரிப்பும் வந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால், கல்லூரிக்குப் போகும் மகள் போனில் யாரிடமோ, "அவன் குடை எடுக்கப் போயிட்டான்டி, விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கூடப் படிக்கிற எவனோ படிப்பை நிறுத்திவிட்டானாம்.

"ஏன்டி, குடைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"யாருக்குத் தெரியும்? காலேஜ்ல சொல்றாங்க, நானும் சொல்றேன்."

எதையும் துருவிக் கேட்கிற ஆள் இல்லை அவள். கணவர் போய்ப் பதினான்கு வருஷமாக யாரிடமும் எதையும் கேட்டதில்லை. இது மட்டும் பல்லிடுக்கில் சிக்கிய நார் போல இருந்தது.

மறுநாள் டெக்னீஷியனைக் கேட்டாள். லிஃப்ட்காரர் சொல்லித்தான் தனக்குத் தெரியும் என்றான். லிஃப்ட்காரர் சிரித்தார்.

"எங்க மச்சான் வாயிலேர்ந்து வந்தது. பஸ் டிப்போல வெல்டர். அங்கதான் இது பொறந்துச்சுன்னு அடிச்சுச் சொல்வார்."

"எந்த டிப்போ?"

"தண்ணித் தொட்டி பக்கத்துல இருக்கே, அது."

அவள் கணவர் பெயிண்டராக இருந்த டிப்போ. அதன் வாசலில்தான் ஒரு நாள் நாலு மணிக்கு அவரை லாரி அடித்தது. வேலை நேரத்தில் எதற்கு வெளியே வந்தார் என்று யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. மகளுக்கு அப்போது நாலு வயது. கேட்டு என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டாள்.

வார விடுமுறையன்று போனாள். வெல்டர் அவளைப் பின் ஷெட்டுக்கு அழைத்துப்போய், "இவர்தான் இங்க பழைய ஆளு" என்று டிங்கரிடம் விட்டுவிட்டுப் போனார். டிங்கர் நசுங்கிய பம்பர் ஒன்றைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார். ஒரு பேச்சு எங்கிருந்து வந்தது என்று கேட்க ஒருத்தி பஸ் ஏறி வந்திருப்பது அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

"இங்க ஒரு பெயிண்டர் இருந்தாரும்மா. தங்கமான மனுஷன். ஆனா பொண்டாட்டின்னா நடுக்கம். குடையை எதிர்க்கடையில ரிப்பேருக்குக் குடுத்துட்டு, தினமும் வாங்க மறந்துடுவார். அன்னைக்கு வானம் இருட்டிக்கிட்டு வருது. 'இன்னைக்கும் குடை இல்லாம போனா கதவைத் திறக்க மாட்டாளாம், இந்தப் பெயிண்ட் காயறதுக்குள்ள எடுத்துட்டு வந்துடறேன்'னு பிரஷ்ஷை என் கையில குடுத்துட்டுப் போனார்."

சுத்தியலைக் கை மாற்றிக்கொண்டார்.

"வரல. வாசல்லயே லாரி. கொஞ்ச நாள் அவர் பேரைச் சொல்ல யாருக்கும் வாய் வரல. குடை எடுக்கப் போனவர்னுதான் சொல்வோம். அப்புறம் புது ஆளுங்க வந்தாங்க. வேலைய விட்டுப் போனவனுக்குச் சொன்னாங்க, ஓடாத வண்டிக்குச் சொன்னாங்க. இப்ப ஊரே சொல்லுது."

"அது நான்தாண்ணே."

"எது?"

"கதவைத் திறக்க மாட்டேன்னு சொன்னது."

டிங்கர் எழுந்தார். எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவர் போல மறுபடி உட்கார்ந்தார்.

"சாவுக்கு வந்திருந்தேன் தங்கச்சி. உன் முகத்தை நிமிர்ந்து பார்க்கல. மன்னிச்சிடு."

"பரவாயில்ல. அடிபட்டது போகும்போதா, திரும்பி வரும்போதா?"

"போகும்போது. கையில ஒண்ணும் இல்ல."

அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் நின்றாள். வரவில்லை. அன்று காலை அப்படிச் சொன்னோமா என்றுகூட அவளுக்கு நினைவில்லை. சொல்லியிருப்பாள். அப்போதெல்லாம் தினமும் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தவள்தான். டிங்கர் டீ வாங்கிவரச் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். வெளியே வந்து எதிர்வரிசையைப் பார்த்தாள். ஒரு செல்போன் கடையும் ஒரு மருந்துக் கடையும் இருந்தன. இரண்டில் எது அந்தக் கடையாக இருந்தது என்று கேட்க உள்ளே திரும்பிப் போகவில்லை. பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள்.

வீட்டில் காய் நறுக்கிக்கொண்டே மகளிடம் ஒன்று விடாமல் சொன்னாள். மகள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்மா."

"தெரியாமதானே சொன்ன."

"இனிமே யாராவது சொன்னா?"

"சொல்லட்டும். எத்தனை பேர் வாயை மூட முடியும்?"

மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கத்தியை வாங்கிக்கொண்டாள். பாதி கேரட் ஆனதும் கேட்டாள்.

"அப்பா உனக்கு அவ்வளவு பயப்படுவாராம்மா?"

"தெரியலடி. என்கிட்ட காட்டிக்கிட்டதே இல்ல."