மேஜைக்கு அடியில்

கூட வேலை பார்க்கிற ஷ்யாமளா கொடுத்த லினக்ஸ் மென்பொருள் சி.டி.யைப் பசுபதி வீணாக்கவில்லை. காபிக் கோப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கலிஃபோர்னியாவின் மில்பிடாஸ் ஆபீசில் அவர் இடத்துக்கு வருகிறவர்கள் அது என்னவென்று கேட்டால் அவருக்கு உற்சாகம் பிறந்துவிடும். "கோயில்ல சுண்டல் குடுக்கிற மாதிரி ஃப்ரீயா குடுக்கறாங்க. சுண்டலாவது வாயில போட்டுக்கலாம்," என்பார். கேட்டவர் தமிழரில்லை என்றால் அதையே ஆங்கிலத்தில் சொல்லிப் பார்ப்பார். சுண்டல் அதில் அடிபட்டுப்போகும், ஏளனம் மட்டும் சேதமில்லாமல் போய்ச் சேரும்.

அவர் பேசலாம். கண்ணாடி அறைக்குள் ஃப்ரிட்ஜ் உயரத்துக்கு நிற்கும் அந்தப் பெரிய யூனிக்ஸ் சர்வரைக் கட்டி மேய்க்கத்தான் ஐந்து வருடத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து அவரை வரவழைத்தார்கள். கம்பெனியின் மெயில், கணக்கு, டிசைன் எல்லாம் அதற்குள் இருந்தன. அவருடைய கிரீன் கார்டும் ஒரு விதத்தில் அதற்குள்தான் இருந்தது. இந்த மெஷினுக்கு இந்த ஆள்தான் வேண்டும், அமெரிக்காவில் வேறு ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லித்தான் கம்பெனி விண்ணப்பம் போட்டிருந்தது. விசா அடுத்த வருடக் கடைசியோடு முடிகிறது. மெஷின் போனால் வேலை போகும், வேலை போனால் விண்ணப்பம் போகும், ஃப்ரீமான்ட்டில் ஐந்தாவது படிக்கிற மகள் ப்ரியம்வதாவைக் கூட்டிக்கொண்டு மூட்டை கட்ட வேண்டியதுதான். இந்தச் சமயம் பார்த்து, புதிதாக வந்த மேனேஜர் கிரெக், மெஷினின் வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கத்தான் வேண்டுமா என்று பேச மீட்டிங் வைத்திருந்தான். பசுபதிக்கு உள்ளே கலக்கம்தான். ஆனால் பயத்தைக் காட்டிப் பழக்கமில்லாத மனிதர். இளக்காரம் காட்டித்தான் பழக்கம்.

ஓசியில் வருவதற்கு மதிப்புக் கிடையாது என்பது அவருடைய கட்சி. ஃப்ரீமான்ட்டில் எந்தத் தமிழ் வீட்டு பாட்லக் விருந்துக்குப் போனாலும் மனைவி விசாலாக்ஷி கையில் புளியோதரைப் பாத்திரம் இருக்கும், அவர் கையில் கறுப்பு சி.டி. பை இருக்கும். விண்டோஸ், ஆபீஸ், என்சைக்ளோபீடியா எல்லாம் காப்பி அடித்தவை, அவற்றைத் திறக்கும் ரகசிய எண்களை மார்க்கர் பேனாவால் மேலேயே எழுதியிருப்பார். புதிதாக வந்திறங்கிய குடும்பங்கள் அவரைச் சுற்றி நிற்கும். இதுவும் ஓசிதானே என்று ஒருவரும் கேட்டதில்லை. திருடினாலும் அது விலையுள்ள சரக்கு. அவன் தானாகவே கொடுக்கிறான் என்றால் அது என்ன சரக்கு?

பிப்ரவரியில் மைத்துனன் கல்யாணத்துக்காக அவர் ஒரு மாத லீவில் ஊருக்குப் போயிருந்தார். திரும்பி வந்த அன்று, தூக்கம் கலையாத கண்களோடு உட்கார்ந்திருந்தவரிடம் ஷ்யாமளா வந்தாள். அதே குழுவில் இன்னொரு எஞ்சினியர், திருச்சிக்காரி.

"சார், நீங்க இல்லாதப்போ சர்வர்ல டிஸ்க் போயிடுச்சு. மெஷினை வித்த வெண்டார் வர லேட்டாகும்னான். அதான் ஒரு பழைய பி.சி.ல லினக்ஸ் போட்டு மெயிலை அதுக்கு மாத்தியிருக்கேன். ஒரு தடவை வந்து பாத்துட்டீங்கன்னா நல்லாருக்கும்."

"நான் அந்தப் பக்கம் போனதும் பொம்மை வெச்சு விளையாட ஆரம்பிச்சிட்டியா?" என்று அவர் சிரித்தார். "புது டிஸ்க் வந்ததும் நான் பாத்துக்கறேன், போம்மா."

டிஸ்க் வந்தது. வெண்டாரின் ஆள் பொருத்திவிட்டுப் போனான். கண்ணாடி அறையில் பச்சை விளக்குகள் எரிந்தன, பசுபதிக்கு அது போதும். அவர் மெஷினுக்குள் எட்டிப் பார்ப்பதை விட்டு வெகு நாளாகிவிட்டது. ஏதாவது என்றால் வெண்டாருக்கு போன் போடுவார், அதையே பெரிய வித்தையாகச் செய்வார். மெயிலை எப்போது திருப்பி மாற்றலாம் என்று ஷ்யாமளா பிறகும் கேட்டு வந்தாள். முழுசாகக் காதில் வாங்காமலே சுண்டல் ஜோக்கைச் சொல்லித் திருப்பி அனுப்பினார். அந்தச் சி.டி.யை அவள் கொடுத்ததும் அப்போதுதான்.

மீட்டிங்குக்கு டை கட்டிக்கொண்டு போனார். அந்த ஆபீசில் டை கட்டுகிற ஒரே ஆள் அவர்தான். கிரெக், ஷ்யாமளா, அவர், மூன்றே பேர். அரை மணி நேரம் அருமையாகப் பேசினார். பொழுதுபோகாத காலேஜ் பசங்கள் எழுதியதை நம்பிக் கம்பெனி நடத்த முடியுமா என்று கேட்டார். பிறகு கையில் வைத்திருந்த துருப்புச் சீட்டை இறக்கினார். தான் இந்தியாவிலிருந்து திரும்பியதிலிருந்து மெயில் ஒரு தடவையாவது நின்றிருக்கிறதா? ஓசிச் சரக்கில் இது நடக்குமா?

ஷ்யாமளா மேஜையைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னாள். "சார், மெயிலை மட்டும் விட்டுடுங்க. வேற ஏதாவது சொல்லுங்க."

அவள் பயந்துவிட்டதாகத்தான் பசுபதி நினைத்தார். அவருக்கு அது தித்தித்தது. "ஷ்யாமளாவையே கேளுங்கள், அவளுக்கும் தெரியும்," என்று கிரெக்கிடம் ஆங்கிலத்தில் முழங்கினார். கிரெக் கேட்டான். அவள், பிப்ரவரியிலிருந்து மெயில் எதில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைச் சொன்னாள். கிரெக் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பசுபதி கோபப்பட்டிருக்கலாம். மற்றதையும் அதற்கு மாற்ற எத்தனை நாளாகும் என்று மட்டும் அவளிடம் கேட்டான். ஒப்பந்தத்தைப் பற்றி அடுத்த வாரம் சொல்கிறேன் என்று எழுந்து போனான்.

வெளியே வந்ததும் அவர் சீறினார். "முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னேன் சார். ஒவ்வொரு தடவையும் நீங்க சிரிச்சீங்க."

"எங்க இருக்கு அது?"

"என் டெஸ்க்குக்கு அடியில."

எல்லோரும் சாப்பிடப் போகிற நேரம் வரை காத்திருந்து அவள் இடத்துக்குப் போனார். குனிந்தால் தெரியவில்லை, மண்டி போட வேண்டியிருந்தது. தூசிக்கு நடுவே, அவளுடைய வாக்கிங் ஷூக்களுக்குப் பக்கத்தில், மஞ்சள் பூத்த ஒரு பழைய பி.சி. நின்றது. அதன் நெற்றியில் ஒட்டியிருந்த காகித நாடாவில் 'குப்பை' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. கீழே ஒரு பி. அவருடைய கையெழுத்துதான். போன வருடம் கழித்துக் கட்டியவற்றில் ஒன்று.

இதுவா! இந்த ஓட்டையா தன்னை ஊருக்கு அனுப்பப் போகிறது என்று நினைக்க அவருக்கு வயிறு எரிந்தது. ஒரு உதை தாங்குமா இது? மின்சார ஒயர் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. இழுத்துவிட்டுத் தெரியாமல் கால் பட்டுவிட்டது என்று சொல்லலாம். ஓசிச் சரக்கின் லட்சணத்தை கிரெக் கண்ணால் பார்க்கட்டும்.

ஒயரைப் பிடித்தார். அப்போதுதான், கிரீன் கார்டு விண்ணப்பம் நகர்ந்ததா என்று இன்றைக்குள் மெயில் போடுவதாக வக்கீல் சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது. அந்த மெயிலும் இந்தக் குப்பை வழியாகத்தான் வர வேண்டும்.

முட்டி வலித்தது. டை தரையைத் துடைத்துக்கொண்டிருந்தது. பி.சி.யின் முகத்தில் சின்னதாக ஒரு விளக்கு மினுக்கியது, அடங்கியது, மறுபடி மினுக்கியது. யாருக்கோ ஏதோ வந்திருந்தது. பசுபதி ஒயரிலிருந்து கையை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.