அவள் பாடாத ஒன்பதாம் பாட்டு

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் பூட்டிக் கிடந்த பீங்கான் பட்டறை ஒன்றைச் சாய்பிரசாத் வாடகைக்கு எடுத்திருந்தான். அணைந்த சூளைக்குள் நின்று பாடினால் குரலுக்கு ஓர் ஆழம் வருமென்பது அவனுடைய கண்டுபிடிப்பு. மனைவி சாருலதாவை அதற்குள் நிறுத்தியே, இலக்கணம் மெய்ப்பாடுகள் என்று சொல்லும் எண்வகை உணர்ச்சிகளுக்கும் எட்டு மின்னிசைப் பாட்டுகளைப் பதிவு செய்தான். நகையில் தொடங்கி உவகையில் முடியும் அத்தொகுப்புக்கு 'மெய்ப்பாடு' என்றே பெயர்.

அதெல்லாம் அவள் வீட்டைவிட்டு வெளியேறுவதற்கு முன்பு. வேப்பூர் நெடுஞ்சாலையில் சாப்பாட்டுக் கடை நடத்தும் அவள் தந்தையை, உறவினர் நிறைந்த பந்தியில் மாமியார் பர்வதம், "எச்சி மேசை தொடைக்கிறவரு, ஓரமா உக்காரட்டும்" என்றாள். சாருலதா இலையை மடித்துவிட்டு எழுந்தாள். "உங்க வூட்டுச் சோறு இனிமே எனக்கு வாணாம்" என்று சொல்லிவிட்டுத் தந்தையுடன் பஸ் ஏறினாள். தன் அம்மாவிடம் அவள் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் போதுமென்று சாய்பிரசாத் மாதக்கணக்கில் தொலைபேசியில் நச்சரித்தான். அவள் கேட்கவில்லை. தந்தைக்காக அவளால் செய்ய முடிந்தது அந்த மறுப்பு ஒன்றுதான்.

இப்போது தொகுப்பு முடிந்துவிட்டதென்றும், வெளியிடுமுன் அவள் கேட்டே ஆக வேண்டுமென்றும் அழைத்திருந்தான். வந்தவளுக்கு நாற்காலியைத் துடைத்துக்கூடப் போடவில்லை. வெள்ளை மண் தூசியின்மேலேயே அமர்ந்தாள்.

ஒலிபெருக்கியைச் சூளைக்குள் வைத்து எட்டுப் பாட்டுகளையும் ஓடவிட்டான். வெகுளிப் பாட்டில் அவள் குரல், தகரத்தைத் தரையில் இழுத்தாற்போல் கிறீச்சிட்டது. அது அவளுக்குப் பிடித்தே இருந்தது. எட்டும் முடிந்ததும் எழுந்தாள்.

"இரு. இன்னொண்ணு இருக்குது."

ஒன்பதாவது பாட்டில் தாளமே இல்லை. அவள் குரல் மட்டும் ஒலித்தது. 'தப்பு என்னுதுதான், அத்தை. மன்னிச்சிடுங்க.' மூச்சு வாங்கும் இடமும், சொல்லின் கடைசியில் வரும் கரகரப்பும் அவளுடையவை. சொல் மட்டும் அவளுடையதன்று.

உள்ளறைக் கதவு திறந்தது. பர்வதம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மகன் அவளை முன்னதாகவே அங்கே உட்கார வைத்திருந்தான்.

"இப்பவாவது வாயில வந்துச்சே. சரி, வூட்டுக்கு வா. உங்கப்பாவையும் ஒரு நாளு வரச் சொல்லு. முன்வாசல் வழியாவே வரட்டும்."

"நான் இதப் பாடலீங்க."

"உன் கொரலு எனக்குத் தெரியாதா?"

சாருலதா கணவனைப் பார்த்தாள். "சொல்லுங்க, உங்கம்மாகிட்ட. நான் எப்ப பாடினேன்?"

அவன் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எட்டுப் பாட்டையும் குடுத்துக் கம்ப்யூட்டரைப் பழக்கினேம்மா. அது பாடுச்சு. தப்ப உணர்றதும் ஒரு உணர்ச்சிதானே, அது இல்லாம ஆல்பம் எப்படி முழுசாகும்?"

பர்வதத்தின் முந்தானை கண்ணைவிட்டு இறங்கியது. சூளைப் பக்கம் திரும்பினாள்.

"அது பாடினா என்ன? அதுக்காவது மரியாதை தெரிஞ்சிருக்குது."

"எடுத்துடுங்க அத," என்றாள் சாருலதா.

"நாளைக்கு வெளிய வருது. நீயே மன்னிப்புக் கேட்டிருந்தா நான் ஏன் மெஷின்கிட்டப் போறேன்?"

"அப்ப அதையே கூட்டிட்டுப் போயிக் குடும்பம் நடத்துங்க. சமைக்கவும் பழக்கிடுங்க. உங்கம்மாவுக்கு உப்பு கம்மியா இருக்கணும்."

சேலையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு நடந்தாள். வாயிலைத் தாண்டும்போது பின்னால் பர்வதம் சொல்வது கேட்டது.

"இன்னொரு தடவ போடுடா."

சூளைக்குள்ளிருந்து சாருலதாவின் குரல் மறுபடியும் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியது. சாருலதா வேப்பூர் பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.