சுவரோரத்து நாற்பது மூட்டை

அப்பாவின் சட்டைக்குக் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது மகளின் இடுப்பில் செருகியிருந்த கைபேசி அதிர்ந்தது. யாரோ துக்கம் விசாரிக்கிறார்கள் என்று நினைத்து எடுத்துப் பார்த்தாள். "வாழ்த்துகள்! உங்கள் கடைக்கு வந்த ஆர்டர் டெலிவரி ஆகிவிட்டது. நாற்பது மூட்டை சிமெண்ட்." வாழ்த்துச் சொல்ல நல்ல நேரம் பார்த்தார்கள் என்று எரிச்சலாக வந்தது. காலை ஐந்து மணிக்கு அப்பாவின் மூச்சு நின்றதிலிருந்து அழுவதற்கே நேரமில்லை. ஆன்லைன் கடையை இன்றைக்கு மூடிவைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

"சிமெண்ட் யாரு எடுத்துக் குடுத்தா?" என்று அண்ணனிடம் கேட்டாள்.

அண்ணன் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். அப்பாவின் சிமெண்ட் கடைப் படியை மிதித்து வருஷக்கணக்கானது. "ஏழு மணிக்கு அந்த ஆன்லைன் லாரி வந்துச்சு. முன்னாடி தெரு பூரா ஆளுங்க. அதான் குடோன் பின்கேட்டைத் திறந்துவிட்டேன். கையில கிடைச்சதை அவங்களே ஏத்திக்கிட்டாங்க. இப்ப இதுவா முக்கியம்?"

அவள் பதில் சொல்வதற்குள் பயில்வான் வந்தார். பேர்தான் பயில்வான், ஆள் துடைப்பக்குச்சி. இருபது வருஷமாக அந்தக் கடையின் மூட்டைகளைத் தூக்குகிறவர். நாற்காலி எடுத்துவரக் குடோனுக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்பியிருந்தார்.

"பாப்பா, பின்கேட்டுப் பக்கம் சுவரோரமா இருந்த மூட்டையெல்லாம் எங்க?"

"ஆர்டருக்குப் போயிடுச்சு. ஏன்?"

"ஐயையோ, அது விக்கிற மூட்டை இல்ல பாப்பா. மழையில ஈரம் ஏறி உள்ள கட்டி தட்டிப்போனது. தையல் போட்ட வாய்ப்பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி அடுக்கினா தொடக்கூடாதுன்னு அர்த்தம். முதலாளியும் நானும் பண்ணிக்கிட்ட ஏற்பாடு."

அவள் கைபேசியை மறுபடி எடுத்தாள்.

எட்டு மாதத்துக்கு முன்பு கடையை ஆன்லைன் சந்தையில் ஏற்றியவள் அவள்தான். சிமெண்ட், கம்பி, செங்கல் ஒவ்வொன்றையும் படம் பிடித்து, விலையும் விவரமும் போட்டு, எத்தனை நாளில் வந்து சேரும் என்று எழுதி வைத்தாள். நாலு தெருவுக்குள் சுற்றிக்கொண்டிருந்த வியாபாரம் ஊரின் மறுகோடி வரைக்கும் போனது. வாங்கினவர்கள் நட்சத்திரம் போட்டார்கள், நட்சத்திரத்தைப் பார்த்து இன்னும் பல பேர் வாங்கினார்கள். போன மாதம் அப்பா படுக்கையில் விழுந்தபின் குடோன் இருப்பை அவளே எண்ணிப் பதிவு செய்தாள். வரிசை வரிசையாக எண்ணினாள். சுவரோரத்து வரிசையையும் விடவில்லை.

அப்பா ஆன்லைனை வேண்டாம் என்று சொன்னதில்லை. ஒரே ஒரு குறைதான் அவருக்கு. யார் சிமெண்ட் கேட்டு வந்தாலும் "எதுக்கு?" என்று கேட்காமல் அவர் கொடுக்கமாட்டார். மேல்தளத்துக்கு என்றால் அந்த வாரம் வந்த மூட்டை, பூச்சு வேலைக்கு என்றால் அதற்கு முந்தையது. "உன் போன்ல எதுக்குன்னு கேக்கவே மாட்டேங்குதேம்மா" என்பார். "வாங்கறவங்களுக்குத் தெரியாதாப்பா?" என்று அவள் சிரித்து மழுப்பிவிடுவாள்.

ஆர்டரைத் திறந்து பார்த்தாள். கீழே நேற்று எழுதிய குறிப்பு இருந்தது: "வீட்டு மேல்தளம். நாளை காலை பத்து மணிக்கு கான்கிரீட். தாமதம் வேண்டாம்." சுவர்க்கடிகாரத்தில் ஒன்பதரை. அழைத்தாள். "டெலிவரி முடிந்ததால் இந்த இணைப்பு மூடப்பட்டுள்ளது" என்று ஒரு பெண்குரல் கொஞ்சிச் சொன்னது. வாங்குகிறவரின் சொந்த எண்ணைச் சந்தைக்காரர்கள் கடைக்காரருக்குக் காட்டுவதில்லை. கையில் மிஞ்சியது முகவரி ஒன்றுதான். வண்டியில் முக்கால் மணி நேரம்.

"நான் போகணும்ணா."

"உனக்குப் பைத்தியமா? பன்னெண்டு மணிக்கு மயானத்துல நேரம் வாங்கியிருக்கு. பதினொன்றரைக்கு எடுத்தாகணும். பயில்வானை அனுப்பு."

"அவரு சொன்னா நிறுத்துவாங்களா? கடையே வந்து சொன்னாத்தான் கேப்பாங்க."

"அப்பாவை இப்படிப் போட்டுட்டு வியாபாரம் பாக்கப் போனான்னு பேசுவாங்க. அது தேவையா?"

அம்மா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். விடிந்ததிலிருந்து வாய் திறக்காதவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எதுக்கு வாங்கினாங்களாம்?"

"மேல்தளத்துக்கும்மா."

"அப்ப எந்திரி."

கடையின் சின்ன வண்டியை அவளே ஓட்டினாள். பக்கத்தில் பயில்வான் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி, "மெதுவா பாப்பா, ஒரு வீட்டுல ஒரு சாவு போதும்" என்றார். அவளால் மெதுவாகப் போக முடியவில்லை. கெட்டுப்போன சிமெண்டில் போட்ட தளம் இன்றைக்கு விழாது. அதுதான் அவளைப் போட்டு வதைத்தது. தளத்தைத் தாங்கும் முட்டுகளைப் பிரித்து, குடிவந்து, கட்டில் போட்டுப் படுத்தபிறகு ஏதோ ஒரு நாள் விழும்.

தெருமுனையிலேயே கலவை இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது. இறங்கி ஓடினாள். வாளிகள் கைமாறி மேலே போய்க்கொண்டிருந்தன. மேஸ்திரி ஒரு மூட்டையைக் கிழித்து மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க! இந்த சிமெண்டைப் போடாதீங்க! நான் கடையிலிருந்து வரேன்."

மேஸ்திரி தலையைத் தூக்கவில்லை. "கொஞ்சம் கட்டியா இருக்கு, தட்டிப் போட்டுக்கறோம். பதினஞ்சு ஆளு நிக்குது. இடைஞ்சல் பண்ணாதீங்க."

"எத்தனை மூட்டை போட்டீங்க?"

"பதினொண்ணு."

வீட்டுக்காரி வந்தாள். தையல்காரி, கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியே இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது. "உங்க கடைக்கு அத்தனை நட்சத்திரம் இருக்குன்னு நம்பித்தானே வாங்கினேன்? இதைச் சொல்ல முதலாளி வரமாட்டாரா, உங்களை அனுப்பிட்டாரா? நடந்ததை அப்படியே அதுல எழுதுறேன் பாருங்க!"

"எழுதுங்கக்கா. ஒண்ணு விடாம எழுதுங்க. முதல்ல மிஷினை நிறுத்தச் சொல்லுங்க."

பயில்வானுக்குப் பொறுக்கவில்லை. "முதலாளி காலைல இறந்துட்டாரும்மா. இவங்க அவரு பொண்ணு. இன்னும் வீட்டுலதான் கிடத்தியிருக்கு."

தையல்காரி அளவு நாடாவைக் கழுத்திலிருந்து மெல்ல எடுத்தாள். மேஸ்திரி எழுந்துபோய் இயந்திரத்தை நிறுத்தினார்.

இரைச்சல் நின்றதும் அவளுக்கு ஒரு கணம் உலகமே செவிடாகிவிட்டது போலிருந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு கடை இருப்பதாகச் சொன்னார்கள். பயில்வானோடு அங்கே போய், மூட்டைமேல் அச்சடித்த தயாரிப்பு வாரத்தைப் படித்துப் பார்த்து, நாற்பது மூட்டை அனுப்பச் சொன்னாள். அந்தக் கடைக்காரர் எதற்கு என்று கேட்கவில்லை. திரும்பி வந்தபோது மேலே ஆட்கள் தயங்கி நின்றார்கள். போட்ட கலவையை அள்ளி எறிய யாருக்கு மனசு வரும்? அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். கம்பிகளுக்கு இடையில் மண்வெட்டி போகாத இடத்தில் கையை விட்டு வழித்தாள். மேஸ்திரி பக்கத்தில் வந்து குந்தினார். பிறகு எல்லோரும் வந்தார்கள்.

பதினொன்றரைக்கு அண்ணன் அழைத்தான். பயில்வான் கைபேசியை அவள் காதில் வைத்துப் பிடித்தார்.

"எங்க இருக்க?"

"இன்னும் பாதி இருக்குண்ணா. நீங்க எடுத்துடுங்க."

அவன் துண்டித்துவிட்டான். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வாய்விட்டு அழுதாள், கை மட்டும் நிற்கவில்லை. அப்பாவின் முகத்தை இனி பார்க்கப்போவதில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்காததுபோல் வேலை செய்தார்கள்.

வீட்டுத் தெருவில் திரும்பியபோது மணி பன்னிரண்டே முக்கால். மயானத்துக்குப் போகவேண்டிய வண்டி இன்னும் வாசலிலேயே நின்றது. அண்ணன் அதன்மேல் சாய்ந்தபடி கைபேசியில் மயானத்துக்காரரைக் கெஞ்சிக்கொண்டிருந்தான். "இன்னும் பத்து நிமிஷம் சார். கடையில ஒரு வேலை, முடிச்சிட்டு வந்துடுவாங்க." அவளைப் பார்த்ததும் கைபேசியைத் தாழ்த்தினான்.

"எடுத்துட்டியா?"

"பதினோரு மூட்டையும் எடுத்தாச்சு."

அவன் தலையாட்டி வழிவிட்டான். அப்பாவை மார்புவரை வெள்ளைத்துணியால் போர்த்தியிருந்தார்கள். குனியப்போனவளின் தோளை அத்தை பிடித்தாள். "கையெல்லாம் சிமெண்ட். கழுவிட்டு வாம்மா, துணி அழுக்காயிடும்."

"இருக்கட்டும்" என்றாள் அம்மா. "அவரு என்னைக்கு கழுவிட்டு வீட்டுக்குள்ள வந்தாரு? தொடும்மா."

அவள் அப்பாவின் மார்பில் கையை வைத்தாள். எடுத்தபோது ஐந்து விரல்களும் சாம்பல் நிறத்தில் பதிந்திருந்தன. அத்தை தட்டிவிட வந்தாள். அண்ணன் அத்தையை ஒதுங்கச் சொல்லிவிட்டு, தலைப்பக்கம் தூக்கக் குனிந்தான்.